உதாரணம் தேடும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு முன்பு நடக்கும் ஆசிரியர் பயிற்சியில் இளைஞர்களுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். அந்த வாரத்தில் கண்ட ஒரு காட்சி அல்லது கையால் செய்த ஒரு வேலை, அதில் விசுவாசத்துக்கான ஒரு பாடம், சொல்வதற்கு ஐந்து நிமிடம். இயேசு இப்படித்தான் பேசினார். விதைப்பவனையும் வலையையும் மாவில் அடக்கிவைத்த புளிப்பையும் காணாமற்போன வெள்ளிக்காசையும் எடுத்துக்கொண்டு பரலோக ராஜ்யத்தைப் பற்றிச் சொன்னார். ஆகவே இதை நான் சிறிய வேலையாக எண்ணுவதில்லை. ஆனால் கோடைதோறும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்கும்போது, நான் இளைஞனாக மேடையேறிச் சொன்னவையே வேறு வாய்களிலிருந்து திரும்ப வருகின்றன.

நேரத்தை மீறுவது, வசன எண்ணை மாற்றிச் சொல்வது, குரல் நடுங்குவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். பழகப் பழக மோசமாகும் தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கழுகு தன் அலகை உடைத்துக்கொள்வதில்லை

இந்த ஆண்டும் கழுகு வந்தது. நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைக்கிறதாம். புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்குகிறதாம், பிறகு இறகுகளைப் பிடுங்குகிறதாம், அதன்பின் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்கிறதாம். அப்படிச் செய்யும் பறவை எதுவும் இல்லை. அலகு உடைந்த கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியால் செத்துவிடும்.

உண்மையில் நடப்பது இதைவிட அழகானது. அலகும் நகமும் வாழ்நாள் முழுவதும் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இறகுகள் ஒரே நேரத்தில் உதிர்வதில்லை. சில உதிர்ந்து, அவற்றின் இடத்தில் புதியவை முளைக்க முளைக்க, கழுகு பறந்துகொண்டேதான் இருக்கிறது. கழுகைப்போல இளமை திரும்புவதைப் பற்றிச் சொல்லும் 103-ம் சங்கீதத்துக்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்?

‘பயப்படாதே’ என்று வேதாகமத்தில் சரியாக 365 முறை வருகிறது என்பதும் இந்த வகைதான். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவதைப் பற்றி இயேசு சொன்னதை விளக்க, எருசலேமில் ‘ஊசியின் கண்’ என்ற பெயரில் சிறு வாசல் ஒன்று இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு அதில் நுழையும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. இவற்றை ஏன் இவ்வளவு கண்டிக்கிறேன் என்றால், கேட்கும் பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறார்கள். கழுகுக் கதை பொய் என்று உயிரியல் வகுப்பில் தெரிந்துகொள்ளும் பிள்ளை, அதே வாய் சொன்ன, இயேசு உயிர்த்தெழுந்து காலியான கல்லறையையும் சந்தேகிக்கும். அதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது.

பொருளைப் பார்க்காமல் வசனத்துக்குத் தாவுவது

தூத்துக்குடி பக்கத்துப் பையன் ஒருவன் உப்பைப் பற்றிப் பேசினான். உப்பு கரைந்து சுவை தருகிறது, நாமும் கரைய வேண்டும் என்றான். உப்பே பார்க்காத ஊரிலிருந்தும் இதைச் சொல்லலாம். அவன் வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் உப்பளம். அங்கே விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது, வெயில் ஏறியதும் வெள்ளைப் பரப்பின் கூச்சம் கண்ணைத் தாக்குகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடுகிறது, கூலியும் நின்றுவிடுகிறது.

போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பினேன். அடுத்த வகுப்பில் அவன் ‘நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்’ என்னும் மத்தேயு 5-ஐத் தொடவேயில்லை. அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதிய ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தான். அறை அமைதியானது. அந்த அறையில் உப்பளக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வீட்டாரை உதாரணமாக்குவது

கேட்காமல் செய்யாதீர்கள். மனைவியையும் பிள்ளைகளையும் கூடத்தான்.

பிறர் துக்கத்திலிருந்து பாடம் எடுப்பது

இந்த ஒன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆண்டுகள் போயும் இதன்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை.

ஒரு சபையில் ஞாயிறு ஆராதனையின் சாட்சி நேரம். ஒருவர் எழுந்து நின்றார். அந்த வாரம் காலையில் குடும்ப ஜெபம் நீண்டுவிட்டதாம், வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டாராம். அந்த பஸ் லாரியில் மோதிச் சிலர் இறந்துபோனார்கள். “ஜெபித்ததால் கர்த்தர் என்னைத் தப்புவித்தார். ஜெபத்தைக் குறைக்காதீர்கள், இதுதான் நான் கற்ற பாடம்” என்றார். சபை அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணன் மகன் அந்த பஸ்ஸில் போனவன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். “அவனும் ஜெபித்துவிட்டுத்தான் புறப்பட்டான், ஐயா.” அதன்பின் நெடுநாள் அவர் சபைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோதெல்லாம் உபசரித்தார், தேநீர் கொடுத்தார், ஆராதனையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

சாட்சி சொன்னவர் நல்லவர். நன்றியில் பேசினார், அந்த நன்றியில் குற்றமில்லை. ‘தப்பினேன், கர்த்தருக்கு நன்றி’ என்று நிறுத்தியிருந்தால் அந்தத் தாயும் சேர்ந்து ஆமென் சொல்லியிருப்பார். குற்றமெல்லாம் ‘ஜெபித்ததால்’ என்ற காரணத்தில் இருக்கிறது. பிழைத்தவனுக்கு ஒரு காரணம் சொன்னால், இறந்தவனுக்கும் ஒரு காரணம் சொன்னதாகிவிடுகிறது. பேசுகிறவர் அதைச் சொல்லமாட்டார். கேட்கிறவர் மனத்தில் அது தானாகவே முடிவடையும்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமிக்குப் பின் எத்தனை மேடைகளில் இதைக் கேட்டேன்: கடற்கரையில் இருந்தவர்கள் போய்விட்டார்கள், ஆராதனைக்குப் போனவர்கள் பிழைத்தார்கள், பாருங்கள். அப்படிப் பேசியவர்கள் வேளாங்கண்ணியை விட்டுவிட்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட அந்தத் திருத்தலத்துக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களும் ஆண்டவரைத் தேடி வந்தவர்கள்தான். ஒரு பாடம் நிற்பதற்கு இத்தனை சடலங்களை மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், அது தேவனைப் பற்றிய பாடமாக இருக்க முடியாது.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிலாத்து சில கலிலேயரைப் பலியிடும்போதே கொன்றான் என்ற செய்தியைக் கொண்டுவந்தார்கள். அவர் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் தாமே சேர்த்துக்கொண்டு, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைவிட அவர்கள் குற்றவாளிகளோ என்று கேட்டார். அப்படியல்ல என்று பதிலும் சொன்னார் (லூக்கா 13). பாடம் உண்டு, ‘மனந்திரும்புங்கள்’ என்பதுதான் அது. ஆனால் அதை உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார், இறந்தவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த ஒரு பகுதியை ஒழுங்காகப் படித்தாலே நம் சாட்சிகளில் பாதி திருந்திவிடும்.

பிறவிக் குருடனை வைத்து எனக்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. அவன் ஏன் குருடனாய்ப் பிறந்தான் என்று சீஷர் கேட்டபோது, தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு என்று இயேசுவே சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். சொன்ன கையோடு சேறுண்டாக்கிக் கண்ணில் பூசி அவனைப் பார்வையடையச் செய்தார். அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எதையும் செய்யாமல் வீட்டுக்குப் போக நமக்கு உரிமை இல்லை.

யோசேப்பைப் பாருங்கள். ‘நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்’ என்பது எத்தனை துக்க வீடுகளில் சொல்லப்படுகிறது! அதைச் சொன்னது யார்? குழியில் கிடந்தவர், சிறையில் இருந்தவர். பதினேழு வயதில் விற்கப்பட்டவர், தகப்பனை அடக்கம் செய்த பிறகு, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்துச் சொன்னார். விற்ற அண்ணன்மார் அதே வார்த்தைகளை அவரிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு மௌனமாக உட்கார்ந்திருந்தபோது சரியாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

இளைஞர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி இது: யாருடைய துக்கமோ, அதன் பாடமும் அவருடையது. அவர் வாயால் வந்தால், அவர் அனுமதியோடு எடுத்துச் சொல்லுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். விபத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், இறந்தவரின் தாய் முதல் பெஞ்சில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

துக்க வீட்டுக்குப் போகும்போது நாற்காலி எடுத்துப் போடுங்கள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். இறப்புச் சான்றிதழுக்கு அலைய ஆள் தேவையா என்று கேளுங்கள். குழந்தையை இழந்த தாயிடம் ‘தோட்டக்காரர் நல்ல பூவைத்தானே முதலில் பறிப்பார்’ என்று சொல்லாதீர்கள். இன்னும் சொல்கிறார்கள், இந்த ஆண்டும் கேட்டேன். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று எழுதிய பவுல், ரோமருக்கு எழுதிய அதே நிருபத்தில் நான்கு அதிகாரம் தள்ளி, அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதினார். இறந்த லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய சகோதரி மரியாளுக்கு முன்பாகக் கண்ணீர் விட்டார்.

எல்லாவற்றிலும் பாடம்

வேண்டாம். மழை பெய்தால் சில நாள் நனைந்தால் போதும்.

அட்டையில் உள்ள வசனம்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில், உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வந்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் வேலை, வீட்டுமனை, தேர்வு முடிவு எல்லாவற்றுக்கும் அதுவே பதில். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதிய கடிதம். முந்தின வசனம் 70 ஆண்டுகள் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன என்பது 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அன்றாட வாழ்வில் பாடம் தேடும் இளைஞர்களை நான் முதலில் அனுப்புவது அந்த மூன்று வசனங்களுக்குத்தான். இன்றுவரை எந்த அட்டையிலும் அவற்றை அச்சிட்டு நான் பார்த்ததில்லை.