ஞாயிறு இரண்டு மணி நேரம்: வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வாரச் சமையல் திட்டம்

வாரச் சமையல் திட்டம் என்று தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேசை நிறைய டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சாதம், கொஞ்சம் காய், ஒரு துண்டு கோழி. வெள்ளிக்கிழமை வரைக்கும் சமையல் முடிந்தது என்பார்கள். நம் வீடுகளில் இது நடக்காது. ஞாயிறு வைத்த சாம்பாரைப் புதன்கிழமை சுடவைத்துக் கொடுத்தால் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பிள்ளைகள் தட்டையே தள்ளிவிடுவார்கள்.

ஆனால் காலையில் நேரம் எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். பீன்ஸ் பொரியல் அடுப்பில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதற்கு முன்னால் பீன்ஸ் நார் எடுத்து நறுக்க வேண்டும், தேங்காய் உடைத்துத் துருவ வேண்டும், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும், புளி கரைக்க வேண்டும். அரை மணி நேரத்தைத் தின்பது இந்தக் கைவேலைதான். ஆகவே கைவேலையெல்லாம் ஞாயிறு; அடுப்பும் தாளிப்பும் அன்றன்றைக்கு. இந்தத் திட்டம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

கீழே சொல்லும் அளவுகள் இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு.

படி 1: இப்போது சமைப்பதையே எழுதுங்கள்

புது ரெசிபி எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் சண்டை போடாமல் சாப்பிடும் பத்துப் பன்னிரண்டு அயிட்டங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த வாரத்தின் சிக்கல்களையும் குறியுங்கள்: யாருக்கு லேட் ஷிஃப்ட், எந்த நாள் டியூஷன், செவ்வாய், வெள்ளி கவிச்சி கிடையாதா, புரட்டாசி மாதமா.

அடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வகையை மட்டும் ஒதுக்குங்கள். திங்கள் கீரை, செவ்வாய் சாம்பார், புதன் பயறு, வியாழன் கலந்த சாதம், வெள்ளி காரக்குழம்பு, இப்படி. செவ்வாய் சாம்பாரில் முருங்கைக்காயா முள்ளங்கியா என்பது சந்தையில் எது நன்றாக இருக்கிறதோ அதைப் பொறுத்தது. "செவ்வாய்: முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம்" என்று இறுக்கமாக எழுதிவைக்கும் அட்டவணை முதல் வாரத்திலேயே கிழிந்துவிடும்.

கீரையைத் திங்களில் போட்டதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை வாங்கும் கீரை அதற்கு மேல் தாங்காது. நம் ஊர்ப் பழக்கத்தில் இரவில் கீரை சமைப்பதில்லை என்பதால் அது மதியத்துக்கே போக வேண்டும்.

படி 2: சனிக்கிழமை சந்தையும் மாவும்

காய் வாங்கும்போது கெடும் வரிசையில் யோசியுங்கள். கீரை, வெண்டை, கத்திரி, பீன்ஸ் வாரத்தின் முதல் பாதிக்கு. கேரட், கோஸ், சௌசௌ, பூசணி, சேனை, உருளை இரண்டாம் பாதிக்கு. வியாழக்கிழமைக்கு வெண்டைக்காய் என்று திட்டம் போட்டால் அது அதற்குள் முற்றி, வதங்கி, குப்பைக்குத்தான் போகும். உருளையை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் இனித்துப்போகும். வெங்காயக் கூடையிலும் சேர்த்துப் போட வேண்டாம், சீக்கிரம் முளைவிடும்.

மாவு இல்லாமல் நம் வாரம் ஓடாது. இட்லி அரிசி 4 கப், முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன். மதியம் ஊறப்போட்டால் சாயங்காலம் அரைத்துவிடலாம். உளுந்தை ஃப்ரிட்ஜ் தண்ணீர் தெளித்து அரைத்தால் கிரைண்டர் சூடேறாமல் பொங்கப் பொங்க வரும். கல் உப்பு போட்டுக் கையால் கலந்து இரவு வெளியே வையுங்கள். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம்.

காலையில் பொங்கிய மாவைக் கிளறாமல் இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். ஒன்று ஞாயிறு, திங்கள் இட்லிக்கு. மற்றது ஃப்ரிட்ஜின் உள்பக்கம், புதன்கிழமை வரை தொடக் கூடாது. தினமும் ஒரே பாத்திரத்தைத் திறந்து கரண்டி விட்டு மூடினால் மொத்த மாவும் சீக்கிரம் புளிக்கும். புதன் தோசை, வியாழன் ஊத்தப்பம். வெள்ளி மாவு புளிப்பேறியிருந்தால் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். பிள்ளைகள் அதற்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்ப்பார்கள்.

கடையில் பாக்கெட் மாவு வாங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை. அரைக்க நேரமில்லாத வாரத்தில் வாங்குங்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே புளித்த மாவு என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கணக்கு வையுங்கள்.

படி 3: ஞாயிறு இரண்டு மணி நேரம்

நேரம் மிச்சமாவது வேலையின் வரிசையில்தான். ஊறுவதும் வேகுவதும் முதலில். உங்கள் கை அதற்கிடையில்.

உள்ளே வந்ததும் மூன்று கிண்ணம் எடுங்கள். ஒன்றில் சின்ன வெங்காயம் அரைக் கிலோ தண்ணீரில். இன்னொன்றில் புளி 100 கிராம் சுடுதண்ணீரில். மூன்றாவதில் துவரம்பருப்பு 1 கப், கழுவி, தண்ணீர் 3 கப், மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெயோடு குக்கரில் ஏற்றி நான்கு விசில். கொண்டைக்கடலை முந்தைய இரவே ஊறியிருந்தால் வடித்து, ஒரு வேளைக்கு ஆகும் அளவு ஃப்ரீஸர் கவரில் போடுங்கள். புதன்கிழமை ஐஸோடு அப்படியே குக்கரில் போடலாம், நன்றாக வேகும்.

பருப்பு வேகும் நேரத்தில் தேங்காய். இரண்டு மூடி துருவி, ஒரு தடவைக்கு ஆகும் அளவாகச் சின்னக் கவர்களில் தட்டையாகத் தட்டி ஃப்ரீஸரில். உருண்டையாக வைத்தால் காலையில் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். தட்டையாக இருந்தால் அப்பளம் மாதிரி ஒடித்துக்கொள்ளலாம். பொரியலுக்கு இது தாராளம். சட்னிக்கு மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள்.

அடுத்துத் தொக்கு. நான் ஒரே ஒரு தயாரிப்பைத்தான் செய்யலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் செய்வேன். பெரிய வெங்காயம் 5, தக்காளி 8, நல்லெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். அகலமான வாணலியில் வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டும்வரை வதக்குங்கள், அவசரப்பட வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், பச்சை வாசனை போனதும் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. முதலில் தண்ணீராக விட்டு சளசளவென்று கொதிக்கும். அப்புறம் சத்தம் மாறி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியில் அள்ளினால் விழாமல் நிற்கும். அதுதான் பதம்.

இதில் மிளகாய்த்தூளோ கரம் மசாலாவோ சேர்க்காதீர்கள். மசாலா போட்டுவிட்டால் அது ஒரே குழம்பாகிவிடும். வெறும் தொக்காக இருந்தால் திங்கள் இரவு தேங்காய் சோம்பு அரைத்து விட்டுக் குருமா, புதன் சன்னா, வியாழன் சாம்பார்ப் பொடி போட்டுத் தக்காளி சாதம். திடீரென்று விருந்தாளி வந்தால் நான்கு முட்டையை அவித்துப் போட்டு முட்டை மசாலா. புதன் வரைக்கும் ஆவதை ஃப்ரிட்ஜிலும், வியாழனுக்கு ஆவதை ஃப்ரீஸரிலும் வைத்தால் போதும்.

தொக்கு சுண்டும்போது புளியைக் கரைத்து வடிகட்டுங்கள். பாதி கரைசல் ஃப்ரிட்ஜில், சாம்பாருக்கும் காரக்குழம்புக்கும். மீதிப் பாதி புளிக்காய்ச்சலுக்கு: நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கரைசலை ஊற்றி, எண்ணெய் மிதக்கக் கெட்டியாக விடுங்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும். ஈரம் படாத கரண்டி போட்டால் இது ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது சின்ன வெங்காயம் ஊறித் தளர்ந்திருக்கும். இதை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே உரிக்கலாம். தலையையும் வாலையும் கிள்ளினால் தோல் தானே கழன்று வரும். "நான் உதவிக்கு வரட்டுமா" என்று கதவோரம் நின்று கேட்கும் கணவர்மார்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை பூண்டு உரிக்கும், பட்டாணி உரிக்கும், கறிவேப்பிலை உருவும்.

கடைசியாக நறுக்கல். பீன்ஸ், கேரட் மூன்று நான்கு நாள் தாங்கும். டப்பாவில் கீழே ஒரு டிஷ்யூ பேப்பர் விரித்து வையுங்கள். கத்திரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ கறுத்துப்போகும், அதனால் முன்கூட்டியே நறுக்காதீர்கள். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து முழுசாக வைத்தால் போதும். கீரையைக் கழுவாமல் ஆய்ந்து மட்டும் வைத்து, மெல்லிய துணியில் சுற்றுங்கள். கொத்தமல்லிக்கும் அதே வைத்தியம்.

படி 4: எங்கே வைப்பது, எவ்வளவு நாள்

ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சமைத்தது எதுவானாலும் சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். பெரிய பாத்திரத்தில் ஆழமாக இருந்தால் நடுவில் சூடு நிற்கும். அகலமான டப்பாக்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும். வெந்த பருப்பு மூன்று நாள். ஆகவே திங்கள் கீரைக்கூட்டுக்கு ஒரு டப்பா, செவ்வாய் சாம்பாருக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால் செவ்வாயோடு கணக்குத் தீரும். சப்பாத்தி மாவு இரண்டு நாள், அதற்கு மேல் கறுக்கும்.

சாதத்தை மட்டும் வாரத்துக்கென்று வடிக்காதீர்கள். வடித்த சாதம் வெளியே பல மணி நேரம் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. குக்கரில் சாதம் இருபது நிமிட வேலை. அதை மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஞாயிறு காலை வாங்கும் மீனையும் கோழியையும் ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி ஃப்ரீஸரில் போடலாம். முந்தைய இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், மேலே வைத்தால் நீர் சொட்டி மற்றதில் விழும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இதை மட்டும் தவிர்த்துவிட்டு அன்றன்றைக்கு வாங்குவதே மேல்.

படி 5: வார நாள் காலை

செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். 6:15க்கு ஒரு குக்கரில் சாதம். பக்கத்து அடுப்பில் உரித்த வெங்காயமும் முருங்கைக்காயும் வதங்க, புளிக்கரைசல், சாம்பார்ப் பொடி. கொதித்ததும் வெந்த பருப்பு. 6:35க்கு சாம்பாரை இறக்கித் தாளித்து, அதே அடுப்பில் நறுக்கிய பீன்ஸைத் தாளித்து மூடி. தேங்காய்ப் பாளத்தை ஒடித்து மேலே போட்டால் பொரியல் ஆயிற்று. இரவுக்குப் பிசைந்து வைத்த மாவில் சப்பாத்தி மிச்சமிருந்தால் காலை டிபன் அது, இல்லையென்றால் ஞாயிறு, திங்களுக்கு வைத்த பாத்திரத்தில் மீந்த இட்லி மாவு. 7 மணிக்கு அடுப்பை அணைக்கலாம்.

கோடையில் தயிர் சாதம் கட்டிக் கொடுக்கும் நாளில் ஒரு சின்ன வேலை: சாதத்தைச் சூடாகவே குழைய மசித்து, காய்ச்சிய பால் தாராளமாக விட்டு, ஆறியபின் தயிர் இரண்டு ஸ்பூன் மட்டும். மதியம் டப்பா திறக்கும்போது சரியாகத் தயிராகியிருக்கும். காலையிலேயே தயிர் நிறைய விட்டால் பன்னிரண்டரைக்குப் புளித்துப்போய், டப்பா அப்படியே வீடு திரும்பும்.

திட்டம் தவறும் நாள் வராமல் இருக்காது. அதற்காகவே அலமாரியில் பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் இருக்க வேண்டும். சுடுசாதம், பருப்புப் பொடி, நெய், சுட்ட அப்பளம். இதைத் தோல்வி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முதல் வாரமே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மாவு, தொக்கு, தேங்காய்த் துருவல் மூன்றும் போதும். அடுத்த வாரம் வெங்காயமும் புளியும், அதற்கடுத்து நறுக்கல். அடுத்த சனிக்கிழமை பையைத் தூக்குமுன் ஃப்ரிட்ஜின் காய்த் தட்டை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பாதிக் கோஸும் இரண்டு சௌசௌவும் அங்கேயே இருந்தால் அந்த இரண்டையும் பட்டியலில் அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.