தேங்க்ஸ்கிவிங் வான்கோழிக்கு எந்த பீர்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். எத்தனை பவுண்டு வான்கோழி வாங்குவது, ஃப்ரீசரிலிருந்து எப்போது இறக்குவது, உப்புநீரில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று ஒரு வாரம் முன்பே கணக்குப் போடுவார்கள். பீரை மட்டும் புதன்கிழமை இரவு கடை மூடும் நேரத்தில் ஓடிப்போய், கைக்கு எட்டியதை அள்ளிக்கொண்டு வருவார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம். இத்தனைக்கும் பீருக்கும் இந்த நாளின் கதைக்கும் பழைய உறவு உண்டு. இந்த விருந்தின் கதை தொடங்குவது இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகளிடம். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த அவர்கள் அமெரிக்காவின் பிளிமத்தில் கரையிறங்கியதற்கு எழுதிவைத்த காரணங்களில் ஒன்று, உணவும், குறிப்பாக பீரும், தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது.

பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: வான்கோழியை மட்டும் மனதில் வைத்து பீர் எடுப்பது. வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, ருசியும் மென்மையானது. தட்டில் உரக்கப் பேசுபவை மற்றவைதான். சேஜ் இலையும் தைமும் செலரியும் வெங்காயமும் போட்ட ரொட்டி ஸ்டஃபிங், வெண்ணெய் மினுங்கும் உருளைக்கிழங்கு மசியல், கிரேவி, புளிப்பும் இனிப்புமான கிரான்பெர்ரி சாஸ், மேலே மார்ஷ்மெல்லோ உருகிக் கிடக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஒரே வாயில் இவற்றில் மூன்று நான்கு சேர்ந்து உள்ளே போகும். அத்தனைக்கும் ஈடுகொடுக்கிற பீர்தான் வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் ஒதுங்க வேண்டியது இந்தியா பேல் ஏல் எனப்படும், கடும் கசப்புள்ள ஐபிஏ. ஆனால் பலர் முதலில் எடுப்பதே அதைத்தான். பீர் காய்ச்சும்போது ஹாப்ஸ் பூவைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறி, நாக்கில் நிற்கும் அந்தக் கசப்பைத் தருகின்றன. உப்பும் கொழுப்பும் தூக்கலாக இருக்கும் பர்கர் அதைத் தாங்கும். நெஞ்சுக்கறி தாங்காது, அதன் ருசி காணாமல் போய்விடும். கிரான்பெர்ரியோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அந்தப் பழத்திலேயே துவர்ப்பு இருப்பதால் துவர்ப்பும் கசப்பும் கூடி வாயே வறண்டுபோகும். ஐபிஏ பிடித்தவர்கள் விருந்துக்கு முன், சீஸும் உப்புக்கடலையும் கொறிக்கும்போது அதைக் குடித்து முடித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் மணம் முன்னால் நிற்கும் பீர் வேண்டும். இதற்குக் காரணம் அழகானது. முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது அதற்கு நிறமும் ரொட்டி மேலோட்டின் வாசமும் வருகிறது. ஓவன் அடுப்பில் வான்கோழித் தோல் பொன்னிறமாகும்போதும் அதே வேலைதான் நடக்கிறது. மெயிலார்ட் வினை என்பார்கள். மொறுமொறுத்த தோலும் கிரேவியும் மால்ட்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதுபோல் சேர்வது அதனால்தான். ஜெர்மனியின் மார்சன், கருநிற டுங்கல், ஆஸ்திரியாவில் பிறந்த வியன்னா லாகர் (லாகர் என்றால் குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர்), இங்கிலாந்தின் பிரவுன் ஏல் (ஏல் சற்று வெப்பத்தில் நொதிப்பது) எல்லாம் இந்தக் குடும்பம். மார்சனில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெயரில் அது ஆகஸ்டிலேயே கடைக்கு வந்துவிடும். நவம்பரில் பழசாகியிருக்கலாம், பாட்டிலில் உள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு பீர்தான் வாங்க முடியும் என்றால் நான் தயங்காமல் சைசன் என்பேன். பெல்ஜியத்தின் வலோனியா பகுதிப் பண்ணைகளில் வளர்ந்த வகை இது. மசாலா எதுவும் சேர்க்காமலே, ஈஸ்ட்டிலிருந்து மட்டும் மிளகும் கிராம்பும் கலந்தாற்போல ஒரு வாசம் வரும். சேஜுக்கும் தைமுக்கும் அது அப்படியே பொருந்தும். ஈஸ்ட் சர்க்கரையைப் பெருமளவு தின்றுவிடுவதால் தித்திப்பு தங்காது. நிறைந்த குமிழ்கள் நாக்கில் ஒட்டிய வெண்ணெயைக் கழுவிவிடும், அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும். சைசன் டுபோன் என்ற பிராண்டில் ஆல்கஹால் 6.5 சதவீதம். தக்கை போட்ட 750 மில்லி பாட்டிலிலும் கிடைக்கிறது, ஒரு பாட்டிலை நான்கைந்து பேர் பகிரலாம். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும் என்பதால் மெதுவாக ஊற்றுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் சிலர் வான்கோழிக்கும் இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், தயிர் தடவி ஊறவைக்கிறார்கள். அது வேறு கணக்கு. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், கடுங்கசப்பும் அப்படித்தான். அந்த வீட்டுக்கு 5 சதவீதத்தை ஒட்டிய, லேசாக மால்ட் இனிப்பு உள்ள லாகர்தான் சரி. டுங்கல் ரொம்பப் பொருத்தம்.

பூசணி ஏல் விஷயத்திலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். பருவத்துக்கு ஏற்றது என்று சாப்பாட்டோடு வைப்பார்கள். அதில் பூசணியைவிடப் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசம்தான் ஓங்கியிருக்கும். கிரேவியோடு குடித்தால் கிரேவியே பலகாரம்போல் ஆகிவிடும். அப்புறம், கடைசியில் பூசணி பை என்ற இனிப்புப் பலகாரம் வரும்போது மறுபடி அதே ருசி! பைக்கு டுபெல் என்ற பெல்ஜியத்தின் கரும்பழுப்பு ஏல் வகை நல்லது. அதன் உலர்திராட்சை வாசம் பட்டையோடு நன்றாகச் சேரும். இனிப்பு வேளையில் பீரும் ஓரளவு இனிக்க வேண்டும். பெக்கான் பருப்புப் பையோடு பில்ஸ்னர் என்ற வெளிர்நிற லாகரைக் குடித்துப் பாருங்கள், பீர் தண்ணீராகவும் புளிப்பாகவும் தெரியும். அங்கே இம்பீரியல் ஸ்டவுட் என்ற காட்டமான கறுப்பு பீரை ஊற்றுங்கள், சின்னக் கிளாஸில், ஆளுக்கு 100 மில்லி போதும்.

அளவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 355 மில்லி, 5 சதவீத பீரை ஒரு டிரிங்க் என்று எண்ணுகிறார்கள். அதே அளவு 9 சதவீத பீர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு. மதியம் தொடங்கி இரவு வரை நீளும் விருந்தில் இது தெரியாமலே ஏறிவிடும். காரோட்டிப் போகிறவர்கள் இருப்பார்கள். தண்ணீர் ஜாடியும் ஆல்கஹால் இல்லாத பீரும் மேசையில் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

குளிர்ச்சியில் நடக்கும் தவறு சின்னதுதான், ஆனால் வாங்கிய பணத்தை வீணாக்கிவிடும். கிளாஸை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைகுளிரில் மால்ட் வாசம் எழும்பவே எழும்பாது. பிரவுன் ஏலும் டுபெலும் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் நன்றாக இருக்கும். வான்கோழியை ஓவனிலிருந்து எடுத்து, அறுக்கும் முன் அரை மணி நேரம் ஆறவைப்பார்கள் அல்லவா, அதே நேரத்தில் பாட்டிலையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். பச்சை பாட்டிலாக இருந்தால் அதுவரை வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும்.

கிரேவியில் பீர் ஊற்றுகிறவர்களுக்கும் ஒன்று. ஐபிஏவை ஊற்றிச் சுண்டவைத்தால் தண்ணீர் ஆவியாகும், கசப்பு அப்படியே தங்கிச் செறிந்துபோகும். பிறகு எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் மீளாது. பிரவுன் ஏலோ டுங்கலோ ஊற்றுங்கள், மீதியைக் குடிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

விருந்துக்கு யாராவது கொண்டுவந்து திறக்காமல் கிடக்கும் ஐபிஏவைத் தூக்கிப்போட வேண்டாம். மறுநாள் வெள்ளிக்கிழமை, மீந்த வான்கோழியை மயோனைஸும் உப்பும் தாராளமாகப் போட்டு சாண்ட்விச் செய்வார்கள். அதற்கு அந்தக் கசப்பு நன்றாகவே இருக்கும்.