ஐஸ் ஹொக்கி ஆட்டமுறை எப்படி மாறியது? நான்கு ஆட்டங்களைப் பார்த்துக் கண்டுகொள்ளும் வழி

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஐஸ் ஹொக்கி பெரும்பாலும் ரொறன்ரோவில் குடியேறிய உறவினர்கள் வழியாகத்தான் அறிமுகமாகிறது. அங்கே மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 5.30க்கு வந்து சேர்வதால், தூக்கக் கலக்கத்தில் பக் (பந்துக்குப் பதிலாகப் பயன்படும் தட்டையான இறப்பர் வட்டு) எங்கே போகிறது என்று தேடுவதற்குள் கோல் விழுந்துவிடுகிறது. ஆகவே, நேரடி ஒளிபரப்பை விட்டுவிட்டுப் பழைய பதிவுகளிலிருந்து தொடங்குவதே நல்லது. யூரியூபில் முழுமையாகவோ பகுதிகளாகவோ கிடைக்கும் நான்கு ஆட்டங்கள் போதும்: 1972இல் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய தொடரின் முதல் ஆட்டம், 1980களின் நடுப்பகுதியில் கனடாவின் எட்மன்டன் ஒயிலர்ஸ் அணி ஆடிய ஏதாவது ஓர் ஆட்டம், 1995இல் டெட்ரொய்டும் நியூ ஜேர்சியும் மோதிய ஸ்டான்லி கிண்ண (வட அமெரிக்க லீக்கின் வாகையர் கிண்ணம்) இறுதித் தொடரின் ஓர் ஆட்டம், இந்த ஆண்டின் ஏதாவது ஓர் ஆட்டம்.

படி 1: கோடுகளைப் பழகிக்கொள்ளுங்கள்

வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கின் பனித்தளம் ஏறக்குறைய 61 மீற்றர் நீளமும் 26 மீற்றர் அகலமும் கொண்டது. இரண்டு நீலக் கோடுகள் அதை மூன்று வலயங்களாகப் பிரிக்கின்றன. நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. தாக்கும் அணியின் எந்த வீரரும் பக்குக்கு முன்னதாக எதிரணியின் நீலக் கோட்டைத் தாண்டக் கூடாது; இதுதான் ஓஃப்சைட் விதி. பாடசாலையில் ஹொக்கி ஆடியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள், ஏனெனில் புல்தரை ஹொக்கி ஓஃப்சைட் விதியை 1990களிலேயே கைவிட்டுவிட்டது. இரு நீலக் கோடுகளுக்கும் இடைப்பட்ட, இன்று சுமார் 15 மீற்றர் நீளமுள்ள நடு வலயத்தில் கண்ணை வையுங்கள். கோல் அடிக்கும் காட்சிகள் எல்லாக் காலத்திலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். காலத்தைக் காட்டிக்கொடுப்பது நடு வலயமே.

படி 2: பதிவுகளுக்கு முந்திய காலம்

இதைச் சுருக்கமாக அறிந்துகொண்டால் போதும். 1929 வரை தாக்கும் வலயத்தில் பக்கை முன்னோக்கிப் பரிமாற அனுமதி இருக்கவில்லை. ரக்பியைப் போலத் தானே (இங்கே மட்டையால்) முன்னே கொண்டுசெல்ல வேண்டும், அல்லது பின்னால் கொடுக்க வேண்டும். 1929–30 பருவத்தில் எல்லா வலயங்களிலும் முன்பாஸ் அனுமதிக்கப்பட்டதும் வீரர்கள் கோலுக்கு முன்னால் போய்க் காத்து நிற்கத் தொடங்கினர். அதனால் அதே பருவத்தின் டிசம்பரிலேயே ஓஃப்சைட் விதி இறுக்கப்பட்டது. சிவப்புக் கோடு 1943இல் வந்தது.

படி 3: 1972, ஒலியை நிறுத்திப் பாருங்கள்

செப்டெம்பர் 2, மொன்றியல். முதல் ஏழு நிமிடங்களுக்குள் கனடா இரண்டு கோல்களை அடித்துவிடுகிறது. வர்ணனையாளரின் உற்சாகத்தைக் கேட்டால் ஆட்டம் முடிந்துவிட்டது என்றே நினைப்பீர்கள். கனடிய முன்கள வீரர்கள் அவரவர் ஓரத்தில் நேர்கோட்டில் ஏறி இறங்குவதையும், வழி அடைபட்டால் பக்கை எதிரணியின் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துவதையும் கவனியுங்கள். பிறகு சோவியத் வீரர் ஒருவர் நடு வலயத்தில் மறிக்கப்படும் கணத்தில் பதிவை நிறுத்துங்கள். அவர் பக்கைத் துறக்காமல் திரும்பி, பின்னால் நிற்கும் பின்கள வீரரிடம் கொடுக்கிறார். அதற்குள் மற்றவர்கள் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறி, புதிய வழியில் மறுபடி வருகிறார்கள். இந்தச் சிந்தனையை வளர்த்தவர் சோவியத் பயிற்றுநர் அனதோலி தரசோவ். ஆனால் அந்தத் தொடரில் பயிற்றுநராக இருந்தவர் அவரல்ல. சோவியத் அணி 7–3 என்று வென்றது. எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரைக் கனடா கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வென்றபோதிலும், தோற்றவர்களிடமிருந்தே அதிகம் கற்றுக்கொண்டது என்பது என் கருத்து.

படி 4: ஒயிலர்ஸ்

1983–84 பருவத்தின் 80 ஆட்டங்களில் இந்த அணி 446 கோல்களை அடித்தது. முன்கள நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி கோலுக்குப் பின்னால் நின்று பரிமாறுவதும், பின்கள வீரரான போல் கொஃபி முன்கள வீரரைப் போல் ஏறிச் செல்வதும் உடனே கண்ணில் படும். பின்கள வீரரும் தாக்கலாம் என்ற வழியை பொஸ்டன் அணியின் பின்கள வீரர் பொபி ஓர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே திறந்திருந்தார். நடு வலயம் வெறிச்சோடிக் கிடக்கும். கோல் காப்பாளர்கள் பெரும்பாலும் நின்றபடியே தடுப்பார்கள்.

படி 5: 1995, பொறுமையுடன்

இப்போது அதே நடு வலயம் அடைபட்டிருக்கும். டெட்ரொய்ட் வீரர் தன் கோலுக்குப் பின்னாலிருந்து பக்குடன் வெளிப்படும்போது நிறுத்திப் பாருங்கள். நியூ ஜேர்சியின் ஒருவர் மட்டும் முன்னே சென்று அவரை ஓரப் பலகைப் பக்கம் ஒதுக்குகிறார்; மற்ற நால்வரும் நடுவில் வலைபோல் காத்திருக்கிறார்கள். தன் நீலக் கோட்டையும் நடுச் சிவப்புக் கோட்டையும் ஒரே பாஸில் தாண்டுவது அப்போது தடைசெய்யப்பட்டிருந்ததால், அந்த வலையைத் தாண்டி நீளமாக அடிக்கவும் முடியாது. எதிராளியை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதையும் நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பருவத்தில் முதலிடம் பெற்ற டெட்ரொய்ட் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. இதைச் சலிப்பான ஆட்டம் என்பார்கள். கற்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

படி 6: 2005க்குப் பிறகு

தொழிற்பிணக்கால் 2004–05 பருவம் முழுவதும் இரத்தான பின், இரு கோடு பாஸுக்கான தடை நீக்கப்பட்டது. இழுத்தலுக்கும் பிடித்தலுக்கும் தண்டனை கண்டிப்பானது. வலை கிழிந்தது. அடுத்தவரை அடிப்பதற்கென்றே அணியில் இருந்தவர்களின் இடத்தை வேகமாகச் சறுக்குபவர்கள் மெல்லப் பிடித்துக்கொண்டனர். தொலைபேசியில் நேரமானியை இயக்கி ஒரே வீரரைத் தொடருங்கள்: ஒரு நிமிடமாகும் முன்பே பெரும்பாலும் அவர் வெளியேறி, வேறொருவர் இறங்கியிருப்பார். முழு வேகத்தை அதற்குமேல் தாங்க முடியாது.

இறுதியாக, சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குச் சென்ற ஓர் ஆட்டத்தைத் தேடுங்கள். 2015 முதல் அதில், கோல் காப்பாளரைத் தவிர, ஓர் அணிக்கு வழமையான ஐவருக்குப் பதிலாக மூன்று வீரர்களே ஆடுகிறார்கள். இடம் தாராளமாக இருப்பதால், வழி கிடைக்காத அணி அவசரமாகக் கோலை நோக்கி அடிப்பதில்லை. பக்குடன் தன் பாதிக்கே பின்வாங்கி, ஆள்மாற்றி, 1972இன் சோவியத் அணியைப் போல மறுபடி வருகிறது. கிண்ணத்துக்கான பிந்திய சுற்றுகளில் இந்த முறை கிடையாது என்பதால், ஒக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆட்டங்களுக்குள் தெரிவுசெய்யுங்கள்.