மார்கோ போலோவைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

"மார்கோ போலோ எழுதிய பயண நூல்" என்று தொடங்கினாலே முதல் தவறு நடந்துவிடுகிறது. 1271இல் வெனிஸிலிருந்து தந்தையோடும் சிற்றப்பாவோடும் சீனாவை நோக்கிப் புறப்பட்டு 1295இல் ஊர் திரும்பிய அந்த வணிகர், பின்னர் ஜெனோவாக்காரர்களிடம் சிறைப்பட்டார். சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் உடனிருந்த கைதி, பீசா நகரத்து ருஸ்திகெல்லோ. அவர் ஆர்தர் மன்னன் வீரக்கதைகள் எழுதிப் பழகியவர். போர்க்களத்தில் வீரம் பொங்கி வழியும் பக்கங்களில் பெரும்பாலும் இவருடைய கைவண்ணத்தைப் பார்க்கலாம். உப்பு வரியில் அரசனுக்கு எவ்வளவு கிடைத்தது, முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையிலிருந்து காகிதப் பணம் எப்படிச் செய்தார்கள் என்று பேச்சு வரும்போதுதான் வணிகர் வாய் திறக்கிறார். மூலப்படி நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியிருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகளும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. எனவே ஏதோ ஒரு மொழிபெயர்ப்பின் ஒற்றை வரியை நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நூல் சொல்வதையெல்லாம் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. சீனாவின் சியாங்யாங் கோட்டையை மங்கோலியர்களுக்காக வீழ்த்திய கல்லெறி பொறிகளைச் செய்ய போலோ குடும்பம் உதவியதாக நூல் சொல்கிறது. அந்த முற்றுகை 1273இல் முடிந்துவிட்டது. அவர்கள் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அரண்மனையை அடைந்ததோ 1275 வாக்கில்! மூன்றாண்டுகள் சீனாவின் யாங்சோ நகரை ஆண்டதாகச் சொல்வதற்கும் சீனப் பதிவுகளில் சான்று இல்லை.

சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தவர் இவர் என்ற கதையை இனியாவது விட்டுவிடலாம். 1279ஆம் ஆண்டு ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலிலேயே மக்ரோனி என்ற பாஸ்தா வகை இருக்கிறது. கிழக்கே போன முதல் ஐரோப்பியர் என்பதும் சரியல்ல. அவர் பிறந்த 1254ஆம் ஆண்டில் ரூப்ரக் வில்லியம் என்ற துறவி மங்கோலியத் தலைநகர் காரகோரத்தில் இருந்தார்.

இதற்கெல்லாம் நேர் எதிர்த் தவறு ஒன்று இருக்கிறது. "அவர் சீனாவுக்கே போகவில்லை" என்பதுதான் அது. 1995இல் பிரிட்டனில் வெளியான ஒரு நூல் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. பெருஞ்சுவரைச் சொல்லவில்லை, தேநீரைச் சொல்லவில்லை என்பவை அதன் வாதங்கள். ஆனால் நாம் இன்று படங்களில் பார்க்கும் கற்சுவர், அவருக்குப் பின்வந்த மிங் அரசர்கள் எழுப்பியது.

அதைவிட அழுத்தமான சான்று ஒன்று உண்டு. பாரசீகத்தை ஆண்ட அர்கூனுக்கு மணப்பெண்ணை அழைத்துப்போன மூன்று தூதர்களோடு தாம் கடல்வழி திரும்பியதாக மார்கோ போலோ சொல்கிறார். உலத்தாய், அபுஷ்கா, கோஜா என்று பெயர்களையும் தருகிறார். 1941இல் சீன அறிஞர் யாங் ஜிஜியு 1290ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றை அடையாளம் காட்டினார். தூதுக்குழுவில் யாருக்குப் படியளப்பது, யாருக்கு நிறுத்துவது என்று பேசும் சாதாரண அலுவலகக் குறிப்பு அது. அதில் அதே மூன்று பெயர்கள்! மார்கோ போலோவின் பெயர் அதில் இல்லைதான். ஆனால் உடன் போகாத ஒருவருக்கு இந்தப் பெயர்கள் எப்படித் தெரிந்திருக்கும்?

அந்தக் குறிப்பில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அவர்கள் "மாபார் வழியாக" போவார்கள் என்கிறது. தமிழில் எழுதுகிறவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. மாபாரை மலபார் என்று திருத்திவிடாதீர்கள். அராபிய வணிகர்கள் மாபார் என்று அழைத்தது பாண்டியரின் கிழக்குக் கடற்கரையை. மலபாருக்கு நூலில் தனி அத்தியாயமே உண்டு. அதேபோல், அவர் குறிப்பிடும் சுந்தர பாண்டியனை, ஸ்ரீரங்கத்துக்குப் பொன் வேய்ந்த முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியனாக்குவதும் பிழை. அந்த அரசன் 1251இல் பட்டமேறியவன். மார்கோ போலோ இந்தக் கரைக்கு வந்த 1290களில் மாறவர்மன் குலசேகரன் ஆண்டுகொண்டிருந்தான். பாண்டியர்கள் பலர் ஒரே காலத்தில், ஒரே பெயர்களோடு ஆண்டவர்கள். ஐந்து சகோதர அரசர்கள் என்று அவர் சொல்வதன் பின்னணி அதுதான்.

மாபார்ப் பகுதியை மொழிபெயர்ப்பிலாவது நிதானமாகப் படித்துவிட்டு எழுதுங்கள். மக்கள் பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து நீர் குடிப்பதைக் கவனித்திருக்கிறார். தாமிரபரணி கடலில் கலக்குமிடத்துக்கு அருகே இருந்த காயலில், எல்லோரும் ஓர் இலையை மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்கிறார். அதன் பெயரை "தெம்பூல்" என்று எழுதவைத்திருக்கிறார். நம்முடைய தாம்பூலம். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. வந்தவற்றுக்கு இங்கே அரிசிச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள், லாடம் அடிக்க ஆள் இல்லை, அதனால் பெரும்பாலானவை ஓராண்டுகூடத் தாங்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். இறந்த குதிரைகளுக்கு ஈடாக அடுத்த ஆண்டும் பாண்டியர் பொன் கொடுத்து வாங்கினார்கள்.