கணினியோடு சதுரங்கம் ஆடிப் பழகுவது எப்படி?

உலக வெற்றியாளர் காஸ்பரோவை 1997இல் வீழ்த்திய டீப் புளூ கணினியைவிடப் பன்மடங்கு வலிமையான ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்க நிரல், இன்று நம் கைப்பேசியில் இலவசமாகவே ஓடுகிறது. ஆகவே கணினியை வெல்வதை இலக்காகக் கொள்ளாமல், அடுக்குமாடி புளோக்கின் கீழே கல்மேசையில் காய்களை அடுக்கிவைத்துக் காத்திருக்கும் மாமாவை வெல்வதற்கு அதைத் துணைகொள்வதே நம்மைப் போன்ற ஓய்வுநேர ஆட்டக்காரர்களுக்கு ஏற்றது.

லிசெஸ் என்னும் இணையச் சதுரங்கத் தளத்தில் ஸ்டாக்ஃபிஷுக்கு எட்டு நிலைகள் உள்ளன. மூன்று ஆட்டங்களில் ஒன்றையாவது நீங்கள் வெல்லக்கூடிய நிலையில் தொடங்குங்கள். ஆனால் தாழ்ந்த நிலையிலும் அது புதிதாகக் கற்றவரைப் போல ஆடுவதில்லை. நல்ல நகர்வுகளைக் கண்டறிந்த பிறகும் அவ்வப்போது வேண்டுமென்றே மட்டமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால், வெகுநேரம் பிசகின்றி ஆடிவிட்டுத் திடீரென ராணியைத் தானமாகக் கொடுத்துவிடும். அப்படிக் கிடைக்கும் வெற்றியை என்னைக் கேட்டால் கணக்கில் சேர்க்கவே கூடாது. மனிதரைப் போலத் தவறு செய்யும் எதிராளி வேண்டுமானால், மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மாயா என்னும் நிரலோடு ஆடலாம். அதுவும் அங்கேயே கிடைக்கிறது.

ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாகப் பத்து வினாடியும் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலில் இரண்டு நிலையங்களுக்கிடையே ஆடி முடிக்கும் அவசர ஆட்டம் பொழுதுபோக்குக்கு மட்டுமே உதவும். நகர்வைத் திரும்பப் பெறும் பொத்தானைத் தொடாதீர்கள்.

ஆட்டம் முடிந்தவுடன் கணினியின் கருத்தைக் கேட்காமல், எந்த நகர்வில் ஆட்டம் திசைமாறியது என்று நீங்களே எண்ணிப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பிறகே பகுப்பாய்வைத் திறக்கவேண்டும். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அது ஓர் எண்ணால் காட்டும்: கூட்டல் குறி வெள்ளைக்கும் கழித்தல் குறி கறுப்புக்கும் சாதகம். நீங்கள் வெள்ளையாக ஆடியிருந்தால், 0.3 என்பது 0.1 ஆனதைப் பற்றிக் கவலை வேண்டாம், 0.3 திடீரென −2.5 ஆகும் இடத்தில் நின்று, உங்கள் தவறான நகர்வையே மீண்டும் ஆடி, கணினி அதை எப்படித் தண்டிக்கிறது என்று இறுதிவரை பாருங்கள். அது பரிந்துரைக்கும் முதல் நகர்வை மனப்பாடம் செய்வதைவிட இது பயன்தரும்.

காய்கள் குறைந்த பிறகு வரும் இறுதியாட்டத்தைப் பயில நம் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலேயே பாடம் உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று உலக வெற்றியாளர் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் சமன்செய்யக்கூடிய நிலையில் வெள்ளைக் காய்களோடு ஆடிய அப்போதைய வெற்றியாளர் டிங் லிரென், 55ஆம் நகர்வில் யானையை f2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். எதிர்த்து ஆடிய இந்தியாவின் குகேஷ் யானைகளையும் அடுத்து மந்திரிகளையும் மாற்றிக்கொண்டு, சிப்பாய்களை மட்டும் வைத்தே வெல்லும் நிலையை அடைந்து பட்டம் வென்றார். டிங்கின் அந்த 55ஆம் நகர்வுக்கு முந்தைய நிலையைப் பலகையில் அமைத்து, ஸ்டாக்ஃபிஷுக்குக் கறுப்பைக் கொடுத்து, வெள்ளைக் காய்களோடு சமன்செய்ய முயலுங்கள். பிறகு பக்கம் மாற்றி ஆடுங்கள்.