ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்த புதிதில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் குத்து கிடையாது, உதை கிடையாது, அதனால் பெரிதாக அடிபடாது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் வந்து சேர்கிறார்கள். பிடி, பூட்டு, கழுத்து நெரிப்பு இவைதான் இதில் எல்லாமே. அவற்றை உண்மையாகவே எதிர்த்துப் போராடும் ஒரு ஆள் மேல் ஒவ்வொரு வகுப்பிலும் பழகிப் பார்க்கலாம். ஒருவர் கையும் உடையாமல் அப்படிப் பழக முடிவதற்குக் காரணம் டேப், அதாவது ‘போதும், விட்டுவிடு’ என்று தட்டிக் காட்டுவது. புதியவர்கள் அதிகம் தவறு செய்வதும் அதில்தான்.

பூட்டு விழுந்ததும் எதிராளியின் உடம்பிலோ மேட்டிலோ (தரையில் விரித்திருக்கும் மெத்தை விரிப்பு) அவருக்குத் தெரிகிற மாதிரி இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். கை இரண்டும் மாட்டிக்கொண்டால் வாய்விட்டு ‘டேப்’ என்று சொல்லுங்கள், அல்லது காலால் மேட்டைத் தட்டுங்கள். ‘இன்னும் கொஞ்சம் தாங்கிப் பார்க்கலாம்’ என்று ரோஷத்தில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். முழங்கையை எதிர்ப்பக்கமாக வளைக்கும் ஆர்ம்பாரில் பெரும்பாலும் வலி முன்கூட்டியே எச்சரிக்கும். குதிகாலைப் பிடித்துத் திருகும் ஹீல் ஹூக்கில் அந்த அவகாசம் கிடைக்காது, வலி சரியாகத் தெரிவதற்குள் முட்டி ஜவ்வு கிழிந்திருக்கும். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு 2021-இல் இதை அனுமதித்தபோதும் கி (தடித்த பயிற்சி உடை) அணியாத பிரிவில், பெரியவர்களில் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும்தான் அனுமதித்தது. சோக், அதாவது கழுத்து நெரிப்பு விஷயத்தில் இன்னும் வேகம் வேண்டும். கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களும் சரியாக அழுந்திவிட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடலாம்.

1951-இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவிடம் கை மாட்டிய பிறகும், பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹெலியோ கிரேசி தட்டவில்லை. கை உடைந்ததாகக் கிமுரா பின்னர் எழுதினார், ஹெலியோவின் தரப்பினர்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்று கிமுரா என்றே பெயர். அது பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருந்த போட்டி, ஹெலியோ அதற்கென்றே வாழ்ந்தவர். நீங்கள் செய்வது வார நாள் மாலைப் பயிற்சி, காலையில் அந்தக் கையோடுதான் வேலைக்குப் போக வேண்டும். அதே மாதிரி, எதிராளி தட்டிய அந்த நொடியே விட்டுவிடுங்கள், பூட்டையும் வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகப் போடுங்கள்.

அடுத்தது முரட்டு பலம். கீழே மாட்டிக்கொண்ட புதியவர் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, மேலே இருப்பவரின் நெஞ்சில் இரண்டு கையையும் நேராக நீட்டித் தள்ளுவார். நீட்டிய கை மேலே இருப்பவருக்குச் சும்மா கிடைத்த ஆர்ம்பார், அப்புறம் இரண்டு நிமிடத்தில் மூச்சும் வாங்க ஆரம்பித்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். ஒரு முன்கையை அவர் கழுத்தருகிலும் இன்னொன்றை இடுப்பிலும் முட்டுக்கொடுத்து, பக்கவாட்டில் திரும்பி உங்கள் இடுப்பை வெளியே நகர்த்துங்கள், நகரும்போது மூச்சை விடுங்கள். ஆளைத் தூக்குவதைவிட நமக்கு இடம் உண்டாக்குவதுதான் இங்கே வேலை. கீழே இருந்துகொண்டு அவர் தலையைக் கட்டிப்பிடித்து இறுக்குவதும் வீண், கைதான் ஓயும்.

விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றுவது ஆபத்தான பழக்கம், மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, முன்கையால் மேட்டை அறைந்து விழப் பழகுங்கள். சில வகுப்புகளில் இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நீங்களே கேட்டு இன்னொரு முறை செய்து பாருங்கள்.

யூடியூபில் பார்த்த பெரிம்போலோ மாதிரியான சிக்கலான சுழல் வித்தையை முதல் மாதமே முயல வேண்டாம். மவுன்ட்டிலிருந்தும் (எதிராளி உங்கள் மேல் ஏறி உட்காருவது) சைடு கன்ட்ரோலிலிருந்தும் (பக்கவாட்டிலிருந்து அழுத்திப் பிடிப்பது) தப்பிக்கத் தெரிந்தால் அதுவே இப்போதைக்குப் போதும்.

சுத்தத்தைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள், எனக்கு இதில் சமரசமே கிடையாது. படர்தாமரை ஒருவருக்கு வந்தால் வகுப்பு முழுக்கப் பரவும். கியையோ ராஷ்கார்டையோ (உடம்போடு ஒட்டிய பயிற்சிச் சட்டை) அன்றைக்கே துவைத்துவிடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரம், சங்கிலி, தோடு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழிவறைக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், மேட்டுக்கு வரும்போது கழற்றிவிடுங்கள். தோலில் புதிதாக ஏதாவது தெரிந்தால் டாக்டரிடம் காட்டி அவர் சரி என்று சொல்லும் வரை வகுப்புக்குப் போகக் கூடாது. காது வீங்கினாலும் தள்ளிப் போடாதீர்கள், உள்ளே தேங்கிய ரத்தத்தைச் சீக்கிரம் எடுக்காவிட்டால் அப்படியே கெட்டியாகிக் காதின் வடிவமே மாறிவிடும்.

ஆர்வத்தில் முதல் வாரமே தினமும் போய், உடம்பு வலியில் அடுத்த வாரம் படுத்துவிடுபவர்களும் உண்டு. வாரம் இரண்டு, மூன்று நாள் போதும். பிளாக் பெல்ட்டுக்குப் பொதுவாகப் பத்து வருடம் ஆகும் கலையில் ஒரு மாத அவசரம் எதற்கு?

ஒருவர் முரட்டுத்தனமாக ரோல் (பயிற்சிச் சண்டை) செய்கிறார் என்று தெரிந்தால் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தோள்வலி, முட்டிவலி இருந்தால் ரோல் ஆரம்பிக்கும் முன்பே எதிரே இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.