டெல்லிக்கு முதல் பயணமா? திங்கட்கிழமையிலிருந்து திட்டம் போடுங்கள்

சென்னையிலிருந்து முதன்முறையாக டெல்லி சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியலோடுதான் ஆரம்பிப்பார்கள். செங்கோட்டை, குதுப் மினார், தாமரைக் கோயில் என்று பெயர்கள் சேர்ந்ததும் கிடைத்த தேதிக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். முதலில் மாதம், அடுத்து கிழமை, அப்புறம் டிக்கெட். இடங்கள் கடைசியில்தான்.

1. மாதம்

மே மாத விடுமுறையை மறந்துவிடுங்கள். வெயில் நமக்குப் பழகியதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே 40 டிகிரியைத் தாண்டி அனல்காற்று வீசும். சாயங்காலம் வந்து காப்பாற்றக் கடல் காற்றும் கிடையாது. அரையாண்டு விடுமுறையில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தீபாவளியை ஒட்டிக் காற்று மோசமாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் அப்போது போகவே வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் தோதான சமயம். விடுமுறைக் கவலை இல்லாதவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போகலாம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டையும் ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். பாதுகாப்புக் கெடுபிடியில் செங்கோட்டைக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

2. கிழமை

திட்டம் கவிழ்வது இங்கேதான். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆகவே ஒரு தாளில் திங்கட்கிழமையைக் குறித்து, அதற்கு நேராக இந்த இரண்டையும் எழுதுங்கள். மற்ற நாட்கள் தாமாகவே நிரம்பிவிடும்.

3. டிக்கெட்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் இரவு 10 மணிக்கு சென்ட்ரலில் கிளம்பி, கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலை புதுடெல்லி சேரும். வியாழன் இரவு ஏறினால் சனிக்கிழமை காலை அங்கே இருப்பீர்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் வெவ்வேறு நாட்களில் திறக்கும் என்பதால் இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வரும் டிக்கெட்டைப் புதுடெல்லியிலிருந்து போடாமல் ஆக்ரா கன்டோன்மென்டிலிருந்து போடுங்கள். அந்த ரயில் அங்கேயும் நிற்கும். ஆக்ராவைக் கடைசி நாளில் வைத்தால் டெல்லிக்குத் திரும்பி ஓட வேண்டிய வேலை மிச்சம்.

4. தங்குமிடம்

மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் கரோல் பாகைச் சொல்வேன். இட்லி, தோசை கிடைக்கும், நீல வழித்தட மெட்ரோவும் பக்கத்தில். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பஹாட்கஞ்சில் வாடகை குறைவு, இரைச்சல் அதிகம். நிலைய வாசலில் யாராவது வந்து, உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது, வேறு இடம் காட்டுகிறேன் என்றால் நிற்காமல் நடந்துவிடுங்கள். புதுடெல்லி ரயில் நிலையத்தில் மெட்ரோவுக்குப் போக அஜ்மீரி கேட் பக்க வாசலில் வெளியே வாருங்கள். மெட்ரோ ரயிலில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும்.

5. நாட்களை நிரப்புவது

சனிக்கிழமை: இரண்டு இரவு ரயிலில் கழிந்த உடம்பு, அதிகம் வைக்காதீர்கள். மதியம் தேசிய அருங்காட்சியகம் போதும். மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை அங்கேதான் இருக்கிறது. பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிதாக நினைத்திருப்பீர்கள், உயரம் வெறும் 10.5 சென்டிமீட்டர். சாயங்காலம் இந்தியா கேட்.

ஞாயிறு: மண்டி ஹவுஸில் ஊதா வழித்தடத்துக்கு மாறி லால் கிலா நிலையத்தில் இறங்குங்கள். 1639 முதல் 1648 வரை ஷாஜகான் கட்டிய செங்கோட்டையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அங்கிருந்து ஜாமா மசூதி. சாந்தினி சவுக்கில் ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். துணி எடுக்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நடக்க இடம். புத்தகப் பிரியர்கள் டெல்லி கேட் அருகே மகிளா ஹாட்டில் கூடும் ஞாயிறு பழைய புத்தகச் சந்தையை விட்டுவிடக் கூடாது.

திங்கள்: காலையில் குதுப் மினார். 72.5 மீட்டர் உயரம். 1981 விபத்துக்குப் பிறகு உள்ளே ஏற விடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் குப்தர் கால இரும்புத் தூணுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். 1,600 ஆண்டுகளாக மழையில் நனைந்தும் பெரிதாகத் துருப்பிடிக்காததற்குக் காரணம் இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸ். அது மேலே ஒரு காப்புப் படலத்தை உருவாக்கிவிட்டது. மதியத்துக்கு மேல் ஹுமாயூன் கல்லறை. இதைத் தாஜ்மகாலுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தோட்டத்துக்கு நடுவே மேடை, அதன்மேல் குவிமாடக் கல்லறை என்ற அமைப்பு இங்கே 1570 வாக்கிலேயே வந்துவிட்டது. தாஜ் வேலை தொடங்கியது 1632-ல். இரவு நேரமிருந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர், நம்ம சுவாமிநாதர்.

செவ்வாய்: காலை 8 மணி வாக்கில் டெல்லியின் நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ், சுமார் 100 நிமிடத்தில் ஆக்ரா. பெட்டிகளை ஆக்ரா நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் விடுங்கள், பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள். தாஜ்மகாலில் கல்லறை மாடத்துக்குள் போகத் தனி டிக்கெட். ஆன்லைனில் சேர்த்தே எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். சென்னை வண்டி இரவு வெகு நேரம் கழித்துத்தான் அங்கே வரும். சாப்பாட்டை ஊருக்குள்ளேயே முடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள்.